மேஜிக் ஸ்கூல் பஸ்: மிஸ் ஃப்ரிஸிலின் வகுப்பறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தத் தொடர்? எப்போது வெளிவந்தது?

‘மேஜிக் ஸ்கூல் பஸ்’ அமெரிக்காவின் பிபிஎஸ் தொலைக்காட்சியில் 1994 செப்டம்பர் 10 அன்று தொடங்கி, 1997 டிசம்பர் வரை புதிய அத்தியாயங்களுடன் ஒளிபரப்பான சிறுவர் கார்ட்டூன் தொடர். நான்கு பருவங்களில் 52 அத்தியாயங்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். ஜோனா கோல் எழுதி, புரூஸ் டீகன் படம் வரைந்து, ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1986 முதல் வெளியிட்டுவந்த அறிவியல் நூல்வரிசைதான் இதன் மூலம். கனடாவின் நெல்வானா நிறுவனம் அசைவூட்டப் பணியைச் செய்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியுதவி அளித்தது. தொடக்கப் பாடலைப் பாடியவர் ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளில் ஒருவரான லிட்டில் ரிச்சர்ட்.

கதை எங்கே நடக்கிறது?

வாக்கர்வில் தொடக்கப் பள்ளியில். எட்டு மாணவர்கள், ஓர் ஆசிரியை, லிஸ் என்ற பச்சோந்தி, ஒரு மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து. அந்தப் பேருந்து விண்கலமாகும், நீர்மூழ்கியாகும், குருதியில் மிதக்கும் அளவுக்குச் சுருங்கும். வகுப்பறையில் எழும் ஒரு கேள்வியோ சச்சரவோதான் பெரும்பாலும் பயணத்தைத் தொடங்கிவைக்கும். கண்டதையும் கற்றதையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் அதே வகுப்பறைக்குத் திரும்புவார்கள்.

மிஸ் ஃப்ரிஸிலை மறக்க முடியாத ஆசிரியர் என்று இத்தனை பேர் ஏன் சொல்கிறார்கள்?

வேலரி ஃபெலிசிட்டி ஃப்ரிஸில் என்ற இந்த ஆசிரியையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அவருடைய சுருண்டு பறக்கும் செம்முடியையும், அன்றைய பாடத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஆடைகளையும் காதணிகளையும்தான். விண்வெளிப் பாடம் என்றால் உடையில் கோள்கள் இருக்கும், எலும்பைப் பற்றிய பாடம் என்றால் எலும்புகள் இருக்கும். இவை கண்ணைக் கவர்வதற்கானவை. அவரை நல்லாசிரியராக்குவது வேறொரு பண்பு என்பது என் உறுதியான கருத்து: விடை தமக்குத் தெரிந்திருந்தும் அதைச் சொல்லாமல் காத்திருக்கும் பொறுமை அவரிடம் இருக்கிறது.

தொடரை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். சிக்கல் முற்றும்போதெல்லாம் மாணவர்கள் அவரை நோக்கித் திரும்புகிறார்கள், அவரோ பெரும்பாலும் இன்னொரு கேள்வியைக் கேட்பார், அல்லது “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்ற பொருள்படும் ஒரு பார்வையுடன் மகிழ்ச்சியாக ஒதுங்கி நிற்பார். முதல் அத்தியாயத்தில் கோளரங்கம் மூடியிருப்பதால் வகுப்பு நேராக விண்வெளிக்கே போகிறது. நடுவழியில் ஆசிரியை காணாமல் போகிறார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து, அடுத்து எந்தக் கோளுக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகளே கணித்து அவரைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு தொடரின் முதல் அத்தியாயத்திலேயே அதன் நாயகியைக் கதையின் பெரும்பகுதிக்குக் காணாமல் போகச் செய்வது துணிச்சலான முடிவு. இந்த வகுப்பில் கண்டுபிடிக்கும் வேலை மாணவர்களுடையது என்பதை அந்த ஒரே முடிவு நிறுவிவிடுகிறது.

பேருந்தை எடுத்துவிட்டால் மிஸ் ஃப்ரிஸிலிடம் என்ன மிஞ்சும் என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியை மதிப்பது, மாணவர் தடுமாறும்போது பதறாமல் இருப்பது, தவறான ஊகத்தையும் கடைசிவரை சோதித்துப் பார்க்க விடுவது ஆகியவை மிஞ்சும். ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் பலருக்கு மூன்றில் கடைசியானதே மிகக் கடினமானது.

“தவறு செய்யுங்கள்” என்று ஓர் ஆசிரியர் சொல்வது சரியா?

துணிந்து இறங்குங்கள், தவறு செய்யுங்கள், கையை அழுக்காக்கிக்கொள்ளுங்கள் என்பது அவர் அடிக்கடி சொல்லும் அறிவுரை. அதைக் கவனக்குறைவுக்குக் கொடுத்த அனுமதியாகப் படிப்பது பிழை. ஒலியைப் பற்றிய அத்தியாயத்தில் கார்லோஸ் தானே செய்த இசைக்கருவி சகிக்க முடியாத ஓசையை எழுப்புகிறது; நண்பர்கள் முன் அவனுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆசிரியை அந்தக் கருவியைத் திருத்திக் கொடுப்பதில்லை, வேறு கருவி தருவதுமில்லை. ஒலி என்பது அதிர்வு என்று அந்த இரவுப் பயணத்தில் அவனே உணர்ந்து, தன் கருவியில் எது அதிராமல் தடைபடுகிறது என்று தேடிச் சரிசெய்யும்வரை காத்திருக்கிறார். அந்தக் கருவி முதலிலேயே நன்றாக ஒலித்திருந்தால் கார்லோஸுக்கு அதிர்வைப் பற்றி யோசிக்கவே காரணம் இருந்திருக்காது. தவறு அவனுக்கு ஒரு நல்ல கேள்வியைக் கொடுத்தது. அந்தக் கேள்விக்குத் தேவையான நேரத்தை ஆசிரியை கொடுத்தார்.

மாணவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். எட்டுப் பேரும் ஒரே மாதிரிதானே?

நிச்சயமாக இல்லை. ஒரே நிகழ்ச்சியை எட்டுப் பேர் எட்டு விதமாக எதிர்கொள்வதால்தான் இது உண்மையான வகுப்பறையாகத் தோன்றுகிறது. டாரதி ஆன் கையில் எப்போதும் புத்தகம் இருக்கும். தான் ஆராய்ந்து படித்ததை மேற்கோள் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவாள். கீஷா எதையும் ஆதாரமின்றி ஏற்கமாட்டாள். கார்லோஸ் எந்த ஆபத்திலும் ஒரு சிலேடையை வீசுவான். மற்ற அனைவரும் சலிப்போடு அவன் பெயரைச் சொல்லிக் கூவுவார்கள். வாண்டா துணிச்சல்காரி. ரால்ஃபி விளையாட்டு விரும்பி, பகற்கனவு காண்பவன். டிம் அமைதியாக இருந்து எல்லாவற்றையும் வரைவான்.

ஃபீபியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவள். “என் பழைய பள்ளியில் நாங்கள் இப்படியெல்லாம் செய்ததே இல்லை” என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்டதுதான். ஆனாலும் புதிய பள்ளிக்கு மாறிய எந்தக் குழந்தையும் மனத்துக்குள் செய்துகொண்டே இருக்கும் ஒப்பீடு அதில் இருக்கிறது. யாரும் அவளை அதற்காகக் கடிந்துகொள்வதில்லை. பின்னர் ஓர் அத்தியாயத்தில் வகுப்பு நாடகத்துக்காக அவளே ஒரு கொடியாக மாறி, ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பது என்றால் என்ன என்பதைத் தன் உடலாலேயே அறிகிறாள். ‘செய்ததே இல்லை’ என்று சொன்னவள் வேறு எவரும் செய்யாததைச் செய்துவிடுகிறாள். எழுத்தாளர்கள் அவளைக் கவனத்துடன் வளர்த்திருக்கிறார்கள்.

ஆர்னால்டு ஏன் இவ்வளவு பயப்படுகிறான்? அவனைக் கேலிப்பொருளாகக் காட்டுகிறார்களா?

“இன்றைக்கு வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும்” என்பது ஆர்னால்டின் வழக்கமான புலம்பல். இந்தப் பயணமாவது சாதாரணப் பயணமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் அவன் பேருந்தில் ஏறுவான். கற்களைச் சேகரிப்பதில் மட்டும் அவனுக்கு ஆர்வம் அதிகம். பயந்த மாணவனை மட்டம்தட்டிச் சிரிக்கவைப்பது பள்ளிக் கதைகளில் எளிதாகக் கையாளப்படும் உத்தி. இந்தத் தொடர் அதில் பெரும்பாலும் விழுவதில்லை.

விண்வெளி அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். எதிலும் தான்தான் முதல் என்று பெருமை பேசும் அவனுடைய உறவுக்காரப் பெண் ஜேனட் அந்தப் பயணத்தில் உடன் வருகிறாள். எல்லாக் கோள்களுக்கும் போய்வந்ததற்குச் சான்றாகப் பொருள்களைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் புளூட்டோவில் அவற்றை விட்டுவர மறுத்து, அனைவரையும் சிக்கவைத்துவிடுகிறாள். விவாதித்துப் பயனில்லை என்று கண்ட ஆர்னால்டு, அவள் அவற்றைக் கைவிடும்வரை அணியமாட்டேன் என்று சொல்லித் தன் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுகிறான். எட்டுப் பேரில் மிகவும் அஞ்சுகிறவன் எடுத்த முடிவு இது. தொடரைப் பற்றி யார் பேசினாலும் அந்தக் காட்சி நினைவுகூரப்படுவது இயல்பே.

செரிமானத்தைப் பற்றிய அத்தியாயம் வேறு வகை. பயணத்துக்கு வராமல் பள்ளியிலேயே தங்கிக்கொள்கிறான் ஆர்னால்டு. சுருங்கிய பேருந்தை அவனே அறியாமல் விழுங்கிவிட, அவனுடைய வயிறே அன்றைய பயணத்தடமாகிறது. போகமாட்டேன் என்று நின்றவனும் பாடத்துக்கு வெளியே போய்விடவில்லை. தயங்கும் குழந்தைக்கும் இந்த வகுப்பில் நிலையான இடம் உண்டு என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மற்ற ஆசிரியர்கள், தலைமையாசிரியர் எவரேனும் வருகிறார்களா?

குறைவாகவே வருகிறார்கள். தலைமையாசிரியர் திரு. ரூல் ஒழுங்கையும் விதிகளையும் பெரிதும் விரும்புகிறவர். அவருடைய செல்லக் கோழி காணாமல் போய்விட, புதிய கோழி ஒன்றை உருவாக்கிவிடலாம் என்று மாணவர்கள் முயன்று, முட்டைக்குள் குஞ்சு எப்படி உருவாகிறது என்று அறிந்துகொள்ளும் அத்தியாயம் ஒன்று உண்டு. விதைகளைப் பற்றிய அத்தியாயத்தில் ஃபீபியின் பழைய பள்ளி ஆசிரியர் சீட்பிளாட் வருகிறார். மிஸ் ஃப்ரிஸிலோடு கருத்து மோதும் சக ஆசிரியர் ஒருவரைத் தொடர் முழுக்க நிலையாக வைத்திருந்தால், பள்ளி என்ற நிறுவனத்தின் உள்முகமும் தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பைத் தொடர் பயன்படுத்தவில்லை.

மிஸ் ஃப்ரிஸிலுக்குக் குரல் கொடுத்தவர் யார்?

நடிகை லில்லி டாம்லின். இந்தப் பாத்திரத்துக்காக அவருக்கு 1995-ஆம் ஆண்டு டேடைம் எம்மி விருது கிடைத்தது. ஆபத்தின் நடுவிலும் உற்சாகம் குறையாத, அதே வேளையில் எவரையும் அவசரப்படுத்தாத அந்தக் குரல் இல்லாமல் இந்தப் பாத்திரம் இத்தனை காலம் நினைவில் நின்றிருக்காது.

இவருக்கு முன்மாதிரியாக உண்மையான ஆசிரியர் யாராவது இருந்தாரா?

ஜோனா கோல், ஐந்தாம் வகுப்பில் தமக்கு அறிவியல் கற்பித்த ஆசிரியையின் நினைவு இந்தப் பாத்திரத்தில் கலந்திருக்கிறது என்று கூறியிருக்கிறார். அந்த ஆசிரியைக்கு மந்திரப் பேருந்து எதுவும் இல்லை. அவரிடமிருந்து ஒரு மாணவி எடுத்துச்சென்ற ஆர்வமே பல பத்தாண்டுகள் கழித்து நூலாகவும், பின்னர் தொடராகவும் ஆனது. கோல் 2020-இல் காலமானார். ஓவியர் டீகன் 2024-இல் காலமானார்.

நூல்களைப் படித்தவர்கள் ஒரு வேறுபாட்டை அறிவார்கள். நூல்களில் பக்க ஓரங்களில் மாணவர்கள் எழுதிய சிறு அறிக்கைகள் ஒட்டப்பட்டிருக்கும். கதையின் அறிவியல் விளக்கங்கள் பலவும் அந்தக் கையெழுத்துத் தாள்களில்தான் இருக்கும். விளக்கம் ஆசிரியரிடமிருந்து வராமல் மாணவர் எழுதியதாக வருவது அழகான ஏற்பாடு. தொலைக்காட்சியில் அதை அப்படியே கொண்டுவர முடியாததால், அந்த வேலையை மாணவர்களின் உரையாடல்கள் ஏற்றுக்கொண்டன.

அத்தியாயத்தின் முடிவில் தொலைபேசி ஒலிக்கிறதே, அது எதற்கு?

கதை முடிந்த பிறகு, அந்த அத்தியாயத்தைப் பார்த்த சிறுவர்கள் நிகழ்ச்சித் தயாரிப்பாளரைத் தொலைபேசியில் அழைப்பதுபோல ஒரு சிறு பகுதி வரும். தயாரிப்பாளர் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் மால்கம் ஜமால் வார்னர். பேருந்து உண்மையில் சுருங்காதே, புளூட்டோவில் தலைக்கவசத்தைக் கழற்றினால் உறைந்துபோய்விடுவானே என்று குழந்தைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். தயாரிப்பாளர் மழுப்பாமல், ஆம், அது கற்பனை, உண்மையில் நடப்பது இதுதான் என்று ஒப்புக்கொள்வார்.

இந்தத் தொடரின் மிகச் சிறந்த கற்பித்தல் இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அறிவியல் கற்பிக்கும் ஒரு கதை, தான் எங்கே வளைத்தது, எதைச் சுருக்கியது என்று தானே முன்வந்து சொல்வது அரிது. பார்க்கும் குழந்தைக்கு அதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. திரையில் கண்டதையும் ஐயுறலாம்; ஐயத்தை உரியவரிடமே கேட்கலாம், அவர் மரியாதையாகப் பதில் சொல்வார். வகுப்பறைக்குள் மிஸ் ஃப்ரிஸில் கடைப்பிடிக்கும் அதே நேர்மையைத் தயாரிப்பாளர்கள் தங்களுக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

அறிவியல் தகவல்கள் இன்றைக்கும் பொருந்துமா?

பெரும்பகுதி பொருந்தும். உராய்வே இல்லாத ஆடுகளத்தில் பேஸ்பால் விளையாட முயன்று, நிற்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் மாணவர்கள் திணறும் அத்தியாயத்தின் இயற்பியல் மாறப்போவதில்லை. ரால்ஃபியின் உடலுக்குள் புகுந்த பேருந்தை அயற்பொருள் என்று கருதி வெள்ளை அணுக்கள் தாக்குவதும் நோயெதிர்ப்பைப் புரியவைக்க இன்றும் ஏற்றது. புளூட்டோ ஒன்பதாவது கோளாக வருவது மட்டும் கவனிக்க வேண்டியது. 2006-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்திவிட்டது. அதை ஒரு குறையாகக் கருதித் தவிர்ப்பதைவிட, அன்று அப்படிச் சொன்னார்கள், ஏன் மாற்றினார்கள் என்று குழந்தையோடு பேசுவது நல்லது.

இப்படி ஆபத்தான இடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியரைப் புகழலாமா? தேர்வே இல்லையே?

முதல் கேள்வி நியாயமானதே. உண்மையான ஆசிரியர் எவரும் எரிமலைக்குள் மாணவர்களைக் கூட்டிப்போகக் கூடாது. கதையின் ஆபத்து, கற்பனை என்பதை எல்லா வயதினரும் அறியும் அளவுக்கு மிகைப்படுத்தப்பட்டது. புறப்படும்முன் இருக்கைப் பட்டையை அணியச் சொல்ல மட்டும் மிஸ் ஃப்ரிஸில் மறப்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை சற்றுச் சிக்கலானது. இந்த வகுப்பில் மதிப்பெண்களும் தரவரிசையும் ஏறத்தாழ இல்லவே இல்லை. அதனால் தொடர் பள்ளி வாழ்வின் ஒரு பெரிய பகுதியைச் சொல்லாமல் விடுகிறது என்பது உண்மை. ஆனால் புரிந்ததா இல்லையா என்று கண்டறியும் சோதனை ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கிறது: புரிந்துகொண்டால்தான் பேருந்து வீடு திரும்பும். காணாமல் போன தன் தவளைக்கு எப்படிப்பட்ட வாழிடம் தேவை என்று வாண்டா உணராதவரை அவளால் அதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை; உணர்ந்த பிறகு அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அவள் விரும்புவதில்லை. எந்த வினாத்தாளும் அந்த மாற்றத்தை அளந்திருக்காது.

புதிய தொடரில் வருபவர் அதே மிஸ் ஃப்ரிஸிலா?

அல்லர். 2017 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட புதிய தொடரில் வகுப்பை ஏற்றுக்கொள்பவர் அவருடைய தங்கை ஃபியோனா ஃப்ரிஸில். குரல் கேட் மெக்கின்னனுடையது. மூத்தவர் பேராசிரியராக உயர்ந்து ஆராய்ச்சிக்குச் செல்கிறார். அவருக்கு லில்லி டாம்லினே மீண்டும் குரல் கொடுத்தார். ஃபீபியின் இடத்தில் ஜோதி என்ற மாணவி வருகிறாள். விரும்பிய ஆசிரியர் மாறிப்போய்ப் புதியவர் வரும்போது வகுப்பு அடையும் ஏமாற்றமும், புதியவரைப் பழையவரோடு ஒப்பிடும் பழக்கமும் புதிய தொடரின் தொடக்கத்தில் தொடப்படுகின்றன. அதை இன்னும் நிதானமாக வளர்த்திருக்கலாம்.

வகுப்பில் இதைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் எப்படித் தொடங்கலாம்?

முழு அத்தியாயத்தையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டுக் கேள்வி கேட்பது அவ்வளவாகப் பயன்தராது. சிக்கல் உருவாகும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும், ஏன் என்று மாணவர்களைச் சொல்லவிட்டுப் பிறகு தொடருங்கள். சரியான ஊகத்தை அப்போதே உறுதிப்படுத்திவிடாதீர்கள். கடைசித் தொலைபேசிப் பகுதியைக் காட்டும் முன், நீங்கள் தயாரிப்பாளரை அழைத்தால் எதை மறுப்பீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். உராய்வு, ஒலி, செரிமானம் ஆகிய மூன்று அத்தியாயங்களும் இதற்கு மிகவும் ஏற்றவை. விண்வெளி அத்தியாயத்தை, மாணவர்கள் கோள்களின் வரிசையை ஓரளவு அறிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் மிஸ் ஃப்ரிஸிலின் குறிப்புகளை அவர்களும் கூடவே அவிழ்க்க முடியும்.